இரண்டு புள்ளி நான்கு

கொட்டாம்பட்டி தாண்டித் திருச்சி போகும் சாலையில்
கருங்காலப்பட்டி விலக்கு.
பலகையில் 'ல' உதிர்ந்து கருங்காப்பட்டியாகி
நாலு வருடம் ஆகிறது.
ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர்க்கடை,
நடுத்திட்டில் யாரோ உடைத்து வைத்த வழி:
மொபெட் நுழையும் அகலம்,
தண்ணீர்க்குடம் நுழையும் அகலம்.

இங்கே யாரும் சாகவில்லை.
எனக்குத் தெரியும்.
ஆறு வருடத்து எப்.ஐ.ஆர்.களை
மேலூரில் ஒரு மர பீரோவிலிருந்து எடுத்து
தும்மித் தும்மித் தட்டச்சு செய்தவள் நான்.
'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதுவதில்
ஏட்டு சீனிச்சாமிக்குத் தனிக் கையெழுத்து.
அடையாளம் தெரியாத என்பதை நிதானமாக இழுப்பார்.
வாகனம் வரும்போது பேனாவுக்கு அவசரம்.

நாளைக்கு எத்தனை வண்டி,
வளைவு எத்தனை பாகை,
சாலையோர மண் எத்தனை அடி,
விளக்கு உண்டா, விலக்கு உண்டா,
எல்லாம் கொடுத்தேன் மாடலுக்கு.
ராத்திரி பத்தரைக்கு அது சொன்னது:
அடுத்த மூன்று வருடத்தில், இந்த இடத்தில்,
2.4 உயிர்.

கோட்டப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"புள்ளி நாலு ஆள் எப்படிம்மா இருப்பான்?
இடுப்புக்கு மேலயா, கீழயா?"
அறை சிரித்தது.
நானும் சிரித்தேன். சம்பளத் தேதி அன்று.

பிறகு அவர் வேப்படி விலக்கைச் சொன்னார்.
ஒரே வருடத்தில் ஒன்பது பேர் விழுந்த இடம்.
லாரிக்காரர்கள் வசூல் போட்டு
முனிக்குக் கிடா வெட்டி
தார் மேலேயே பூசணிக்காய் உடைத்தார்கள்.
மறுவருடம் மூன்று.
"இதுக்கு உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

கெட்ட வருடம் தானாகவே இறங்கும் சார்,
கிடா வெட்டினாலும் வெட்டாவிட்டாலும்,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதே வருடம் அதே இடத்தில்
நாங்கள் போட்ட வேகத்தடை ஞாபகம் வந்தது.
வெற்றி என்று எழுதிய அறிக்கையில்
என் கையெழுத்து.
முனியும் நானும்
ஒரே ஆறு உயிருக்குப் பங்கு கேட்டு நிற்கிறோம்.
வாயை மூடிக்கொண்டேன்.

நிதி, சாவு விழுந்த இடத்துக்குத்தான்.
அவர் அப்படிச் சொல்லவில்லை.
முன்னுரிமை என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை நானே போய் உட்கார்ந்தேன்,
நாலு மணியிலிருந்து இருட்டும் வரை.
மில் ஷிப்ட் விட்டு வரும் பெண்கள்.
ஒரே பைக்கில் மூன்று பையன்கள், நடுவில் ஒரு கேரம் போர்டு.
பால் கேன்.
குடத்தோடு டீக்கடை வெள்ளைக்கண்ணு,
போக நாலு தரம், வர நாலு தரம்.
சென்னைப் பேருந்து ஒவ்வொன்றும்
அவர் வேட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்துப் போனது.

"யாரையும்மா தேடுறீங்க?"
டீயை நீட்டிக் கேட்டார்.
இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவான பேரை.
எப்படிச் சொல்ல?
சர்க்கரை கூடுதல் என்றேன்.

உதவிப் பொறியாளர் ஆரோக்கியம்
வாடிப்பட்டிப் பாலத்தில் மிஞ்சிய கான்கிரீட் தடுப்புகளை
எந்தக் கணக்கிலும் ஏறாமல்
ஒரு ராத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்.
வழி அடைபட்டது.
அவர் கேட்டதெல்லாம் ஒரு பிரியாணி.

மூன்று வருடம்.
என் அட்டவணையில் முன்பு 0, பின்பு 0.
புதிதாக வந்த பொறியாளர்
இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்து
"அப்ப எதுக்கு அந்தத் தடுப்பு?" என்கிறார்.
அவர் கேட்பதும் நியாயம்தான்.
மாடலே தப்பாக இருந்திருக்கலாம்.
கேரம் போர்டுப் பையன்கள் இந்நேரம்
திருப்பூரில் எங்கோ சட்டை தைக்கலாம்.

வெள்ளைக்கண்ணு மட்டும் மாறவில்லை.
ஒவ்வொரு குடத்துக்கும் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று.
அந்தப் பக்கம் எப்போது இறங்கினாலும்
என் வம்சத்தையே இழுத்துத் திட்டுகிறார்,
சத்தமாக, மூச்சு வாங்காமல்,
நடுவில் ஒருமுறை வெற்றிலை துப்பி.

டீயைக் குடித்தபடி முழுவதும் கேட்கிறேன்.
இதை ஏற்ற
என் அட்டவணையில் கட்டமில்லை.